ராஜா இறங்கினார், வண்டி திரும்பியது

முன்னொரு காலத்திலே மாங்குளம் சீமையைக் கொற்றவேலர் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். தங்கமான மனசு. ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவருக்கு வேதம்.

ஊரிலிருந்த வாடகைப் பல்லக்கெல்லாம் மாடசிங்கம் என்ற அரண்மனை அதிகாரியுடையது. மாட்டுவண்டிகள் சவாரி ஏற்றத் தொடங்கியதும் ஜனங்கள் பல்லக்கை மறந்தார்கள். மாடசிங்கத்துக்கு வயிறு எரிந்தது. ராஜாவின் காதைக் கடித்து ஒரு சட்டம் வாங்கிவிட்டார்.

"சவாரி இறங்கியதும் வண்டி காலியாகத் தன் கொட்டகைக்குத் திரும்ப வேண்டும். பிறகுதான் அடுத்த சவாரி. வழியில் ஆளை ஏற்றினால் வண்டி பறிமுதல்!"

வண்டிக்காரி செம்பாயியின் கொட்டகை ஊருக்கு வெளியே இருந்தது. காலி வண்டியை இழுத்தே மாட்டுக்கு நுரை தள்ளியது. இப்படியே போனால் மாட்டை விற்க வேண்டியதுதான். அம்மனை நினைத்துக்கொண்டு சபைக்குப் போனாள்.

"மகாராஜா, பிள்ளைத்தாச்சி கைகாட்டினாக்கூட நிறுத்த முடியலீங்களே!"

"பல்லக்கில் வரட்டுமே," என்று இளித்தார் மாடசிங்கம்.

"சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாது, போ!" என்றார் ராஜா.

"அப்படியே நடக்கிறேனுங்க," என்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

மறுவாரம் குன்றுக் கோயிலில் அபிஷேகம். ராஜா விரதம், உச்சிவேளைக்குள் சாமியைப் பார்த்தால்தான் சாப்பாடு. குதிரை என்றால் அவருக்குப் பயம். தன் பல்லக்கைக் கேட்டால், "தூக்குகிறவர்களுக்குக் காய்ச்சல் மகாராஜா," என்றார் மாடசிங்கம். வேறு வழியில்லாமல் இருவரும் செம்பாயியின் வண்டியில் ஏறினார்கள்.

பாதி வழியில் ஒரு பிள்ளையார். ராஜா பக்தியோடு இறங்கினார். மாடசிங்கமும் பின்னாலேயே குதித்தார். மூன்று தோப்புக்கரணம் போட்டுத் திரும்பிப் பார்த்தால், வண்டி ஊர்ப்பக்கம் போய்க்கொண்டிருக்கிறது!

"ஏ செம்பாயி! எங்கே போகிறாய்?"

"கொட்டகைக்குங்க! சவாரி இறங்கியாச்சே!"

"சாமி கும்பிடத்தானே இறங்கினேன்!"

"எதுக்கு இறங்கினாங்கன்னு சட்டத்துல கேக்கலீங்களே!"

அந்த நேரம் பார்த்து மேளம் கொட்டிக்கொண்டு ஒரு கல்யாண ஊர்வலம் வந்தது. ராஜாவின் சொந்தப் பல்லக்கிலே மாப்பிள்ளை உட்கார்ந்து கையாட்டுகிறார்! தூக்கி வந்தவர்களோ காய்ச்சலின் சாயலே இல்லாமல் கல்லுக்குண்டாட்டம் இருந்தார்கள்.

"வாடகைக்கா விட்டீர்?" ராஜாவின் மீசை துடித்தது. "குனியும் ஐயா. இனி நீர்தான் பல்லக்கு!"

செம்பாயி கொட்டகையைத் தொட்டுவிட்டு ஓட்டமாய்த் திரும்பி வந்தபோது, மாடசிங்கம் ராஜாவை முதுகில் சுமந்து 'தஸ் புஸ்' என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இருபது அடிகூட நகரவில்லை.

"ஏறுறீங்களா மகாராஜா?"

ராஜா தாவி ஏறினார். மாடசிங்கமும் ஒரு காலைத் தூக்கி வைத்தார்.

"எங்கே வருகிறீர்? உம்ம சவாரி இறங்கியாச்சு. காலியாக உம்ம கொட்டகைக்குத் திரும்பும்!"

"அது வண்டிக்குப் போட்ட சட்டம் மகாராஜா…"

"இன்றைக்கு உமக்கும்தான். நாளை முதல் யாருக்கும் கிடையாது. வண்டியும் பல்லக்கும் ஒரே வாசலில் நிற்கட்டும், ஜனங்கள் பிடித்ததில் ஏறட்டும். செம்பாயி, ஓட்டு!"

உச்சிமணி அடிக்கையில் ராஜா சன்னிதியில் கைகூப்பி நின்றார். மாடசிங்கமோ வெயிலில் நடந்துகொண்டிருந்தார். கோயிலில் சவாரியை இறக்கிவிட்டு, செம்பாயியிடம் சேதியும் கேட்டுக்கொண்டு, பின்னாலிருந்து ஒவ்வொரு வண்டியாக அவரைக் கடந்து போனது. எல்லாம் காலி வண்டி.

"மன்னிச்சுக்குங்க ஐயா," என்றார்கள் வண்டிக்காரர்கள், வெகு பணிவாக. "கொட்டகைக்குப் போற வண்டி. இன்னிக்கு வரைக்கும் சட்டம் இருக்கே!"