முதலில் தட்டிய வரி

காளிச்சாமிக்கு ஐம்பத்து நாலு வயது. அவருடைய குரு ரெஹானாவுக்கு முப்பத்தொன்று. அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

இருபது வருஷம் ஊர் ஊராகப் போய் இன்டர்நெட் ரவுட்டர் மாட்டியவர். முட்டி தேய்ந்துவிட்டது. உட்கார்ந்து செய்கிற வேலையைக் கற்றுக்கொண்டால் இருக்கலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இன்றைக்குத்தான் அதற்குப் பரீட்சை.

பொள்ளாச்சி ஆபீசில் இருந்தபடியே வால்பாறை ஆஸ்பத்திரி ரவுட்டரைத் திருத்த வேண்டும். ரவுட்டர் பத்து விநாடிக்கு ஒரு தரம் பக்கத்து ரவுட்டருக்கு ‘நான் இருக்கேன்’ என்று குரல் கொடுக்கும். குரல் கேட்கிற வரைக்கும்தான் வழி இருக்கும். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்கள் பக்கம் கேட்க வேறு ரவுட்டர் இல்லை, அந்தக் குரல் வீண், நிறுத்திவிட வேண்டும். மலையிறங்கி ஆபீசுக்கு வரும் லைன் பக்கம் தொடவே கூடாது.

ரெஹானா ஒரு வரி தட்டினாள். பிறகு கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

“ஆரம்பிங்கண்ணா.”

காளிச்சாமி எல்லாப் பக்கமும் குரலை நிறுத்தினார். அப்புறம் லைன் பக்கத்தை மட்டும் திறந்துவிடலாம் என்று நினைப்பு. அடுத்த வரியைத் தட்டினார். எழுத்தே விழவில்லை. தான் உள்ளே போன வழியைத் தானே அடைத்துவிட்டார், பாவம்.

“போச்சு அம்மிணி. நாசம் பண்ணிப்போட்டேன்.”

“டீ குடிக்கலாம் வாங்க.”

“டீயா? நாப்பது வளைவு ஏறி ஆராச்சும் போயி ரவுட்டரை அணைச்சு மறுபடி போடோணும்!”

“சர்க்கரை கம்மிதானுங்களே?”

அவர் டீயைக் குடிக்கவில்லை, டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் திரையில் வால்பாறை திரும்ப வந்தது.

“ஆரு போனாங்க?”

“யாரும் போகலைங்கண்ணா. முதல்ல ஒரு வரி தட்டினேனே? ‘பத்து நிமிஷத்துல நான் வந்து வேண்டாம்னு சொல்லலைன்னா, நீயே அணைஞ்சு எந்திரி’ன்னு அர்த்தம். சேவ் பண்ணாததை மறந்துட்டுப் பழையபடி எந்திரிச்சிருக்கு.”

அவர் முகம் சுருங்கியது. “நான் தப்புப் பண்ணுவேன்னு தெரியுமாக்கும்?”

“நான் தொட்டாலும் அதைத் தட்டிட்டுத்தான் தொடுவேன்.”

“ஆரு சொல்லிக் குடுத்தது?”

ரெஹானா டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நான் சேர்ந்த ரெண்டாவது வாரம். இதே ரவுட்டர், நானும் இதே தப்புத்தான் பண்ணினேன். நீங்க மழையில பைக்ல மலை ஏறிப்போய் அணைச்சு மறுபடி போட்டீங்க. மேனேஜர் கேட்டதுக்கு ‘கரண்ட் பிரச்சினைங்க சார்’னு முடிச்சுட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. இன்னொரு தடவை உங்களை மலை ஏற வைக்கக் கூடாதுன்னு தேடிப் படிச்ச வரிங்கண்ணா அது.”

காளிச்சாமி முட்டியைத் தடவிக்கொண்டார். கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை.

இந்தத் தடவை முதல் வரியை அவரே தட்டினார். ஆஸ்பத்திரிப் பக்கத்தை மட்டும் நிறுத்தினார். எல்லாம் சரியாக ஓடியது. சேவ் பண்ணிவிட்டு, முதல் வரியை ரத்து செய்தார்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “முடிச்சுட்டாரா? பரவாயில்லையே! ஆமா, நடுவுல பத்து நிமிஷம் வால்பாறையைக் காணோமே?”

காளிச்சாமி வாயைத் திறக்குமுன் ரெஹானா சொன்னாள்.

“கரண்ட் பிரச்சினைங்க சார்.”