பவளமல்லி மேல் வழக்கு

வேங்கைமலை நாட்டை ஒரு காலத்தில் விசையாலன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒரு திருவிழா நாளில் தன் கிளி பவளமல்லி "வாழ்க மன்னா" என்று சொன்னதும் உருகிப்போய், "இன்று முதல் இவள் இந்நாட்டு இளவரசி" என்று பட்டமே கட்டிவிட்டான்.

வந்தது வினை. இளவரசியை வெளியார் தொடக்கூடாது, ராஜா உண்பதைத்தான் இளவரசியும் உண்ணவேண்டும் என்பது அரண்மனைச் சட்டம். ஆகவே பவளமல்லிக்கு வேளாவேளைக்கு நெய்ச்சோறு, பால்கோவா, முந்திரிப்பாயசம். இரண்டு வருஷத்தில் கிளி பேச்சை நிறுத்தியது. பிறகு தீனியையும் நிறுத்தி, தங்கக்கூண்டின் மூலையில் பந்தாய் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. ராஜா பச்சைப்பிள்ளைபோல் அழுதான்.

வைத்தியம் பார்க்க ஆள் தேடினார்கள். யானை வைத்தியன் வந்து ஒரு அண்டா கஷாயம் சொன்னான். குதிரை வைத்தியன் பல்லைக் காட்டச் சொன்னான், கிளிக்கு ஏது பல்? கடைசியில் அரண்மனை வைத்தியர் இரசபதியார் முன்வந்தார். ராஜ வம்சத்துக்கு ராஜ மருந்துதான் பலிக்கும் என்று சொல்லி, தங்கபஸ்பத்தை நெய்யில் குழைத்து மூன்று வேளை புகட்டச் செய்தார். தன்னைவிட யாருக்கும் ஒன்றும் தெரிந்துவிடக்கூடாது என்பது அந்த மனுஷனுக்குப் பிறவிக் கவலை.

கிளி தேறவில்லை. மந்திரி பொய்யாமொழிக்கு ஒரு யோசனை தோன்றியது. கிளியை நன்றாக அறிந்தவர் யார்? அதோடு நாள்தோறும் மல்லுக்கு நிற்பவர்தானே? நேராக மலையடிவாரத் தினைக்கொல்லைக்குப் போனார். அங்கே மாசாணி என்பவள் பரண்மேல் நின்று கவண் வீசிக் கிளி விரட்டிக்கொண்டிருந்தாள். மந்திரி அவளைச் சபைக்கு அழைத்துவந்தார். எட்ட நின்றே கிளியைப் பார்த்த மாசாணி அவரிடம் சொன்னாள்.

"பத்து வருசமாக் கிளியோடதான் சண்டை போடறேன் சாமி. இம்புட்டுக் கொழுத்த கிளியை நான் பாத்ததில்ல. மூக்கு அருவாளாட்டம் வளந்து கிடக்குது, பாவம், எதையும் கொத்த முடியல. எங்கிட்ட விடுங்க, பொழைக்க வெச்சிருவேன்."

இரசபதியார் சிரித்தார். கவண்காரி கைபட்டால் இளவரசிக்குத் தீட்டு, தன் மருந்து ஒரு வேளை தப்பினாலும் மரணம் நிச்சயம் என்றார். ராஜா நடுங்கிப்போய், தொடக்கூடாது என்றுவிட்டான்.

மறுநாள் சபை கூடியதும் மாசாணி அரண்மனை வாசலில் இருந்த ஆராய்ச்சி மணியை அடித்தாள். வழக்கு என்ன என்று கேட்டால், "என் கொல்லைத் தினையைத் திருடின கூட்டத்துல இந்தப் பவளமல்லியும் சேத்தி" என்றாள். சபை திகைத்தது. கூண்டைவிட்டு நகராத கிளி எப்படித் திருடும் என்று ராஜா சீறினான்.

"அப்படியானால் இளவரசி நிரபராதி என்றே தீர்ப்பாகும் மகாராஜா, பயம் எதற்கு?" என்றார் மந்திரி. "ஆனால் தங்கள் பாட்டனார் செய்த சட்டம் இருக்கிறது. வழக்கில் நிற்பவருக்குத் தீர்ப்பு வரும்வரை பட்டம் கிடையாது. வாதியின் ஊரில் காவல், கைதிச் சாப்பாடு. கொல்லைக்கு வரும் கிளிகள் இவளைச் சொந்தம் கொண்டாடுகின்றனவா என்றும் விசாரிக்கவேண்டும். பதினைந்து நாள் போதும்."

பாட்டனார் சட்டத்தை மீற ராஜாவுக்கு மனம் வரவில்லை. ஆனால் கிளி செத்தால் மந்திரியும் மாசாணியும் நாடு கடத்தப்படுவார்கள் என்றான். மந்திரி தலையாட்டினார்.

மாசாணி கிளியின் மூக்கைக் கல்லில் பதமாகத் தேய்த்தாள். கைதிச் சாப்பாடாகக் காய்ந்த தினைக்கதிர், கோவைப்பழம், கடித்துத் துப்ப வேப்பங்குச்சி. பரணின் ஒரு முனையில் கிளியை உட்காரவைத்து, மறுமுனையில் கதிரைத் தொங்கவிட்டாள். மூன்று நாள் பவளமல்லி முறைத்தது. நாலாம் நாள் பசி பொறுக்காமல் நடந்தது, பத்தாம் நாள் பறந்தது.

தீர்ப்பு நாள் வந்தது. இரசபதியார் ஒரு கையில் தங்கபஸ்பக் கிண்ணமும் மறுகையில் குட்டிச் சந்தனப்பெட்டியுமாக வந்தார். பெட்டி எதற்கு என்று ராஜா கேட்க, இளவரசியை அடக்கம் செய்ய என்றார் துக்கமாக. அவர் வாய் மூடுமுன் மாசாணி உள்ளே நுழைந்தாள். அவள் தோளிலிருந்து பவளமல்லி விருட்டென்று கிளம்பி, சபையை மூன்று சுற்றுச் சுற்றி, சிம்மாசனத்தில் வந்து உட்கார்ந்தது. ராஜாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

இரசபதியார் விடவில்லை. இவ்வளவு நாள் கொடுத்த மருந்து இப்போதுதான் வேலை செய்கிறது, இன்னும் ஒரு வேளை என்று கிண்ணத்தோடு நெருங்கினார். பவளமல்லி அவரைப் பார்த்தது. சிறகை உப்பிக்கொண்டு, பதினைந்து நாள் பரணில் கேட்ட கிளிவிரட்டும் பாடத்தை மாசாணியின் குரலிலேயே கத்தியது.

"ஆலோலோ, ஓடு திருட்டுப்பயலே!"

சபை குலுங்கியது. சந்தனப்பெட்டி கை நழுவி விழுந்தது.

பவளமல்லி நிரபராதி, இனி அவள் வெறும் கிளி, பட்டம் வேண்டாம் என்று ராஜா தீர்ப்புச் சொன்னான். மாசாணிக்கு அரண்மனைப் பறவை வைத்தியர் பதவி. அடுத்த பதினைந்து நாள் தினைக்கொல்லைக்கு இரசபதியார் காவல். கவண் வீசத் தெரியாவிட்டாலும் கத்தத் தெரியுமல்லவா?

சபை கலைந்தது. மூன்று படி இறங்குவதற்குள் ராஜாவுக்கு மேல்மூச்சு வாங்கியது. இரண்டு வருஷமாகக் கிளிக்கு வைத்ததெல்லாம் தன் தட்டில் இருந்ததுதானே என்று அப்போதுதான் உறைத்தது. மாசாணியைத் தனியே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அம்மா, என் மேல் உனக்கு ஏதாவது வழக்கு உண்டா?"

மாசாணி அவன் தொப்பையைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"போன மாசம் வேட்டைக்கு வந்தப்ப உங்க குதிரை என் கொல்லையை மிதிச்சுது சாமி."

ராஜா கிரீடத்தைக் கழற்றி மந்திரி கையில் கொடுத்துவிட்டு, அவள் பின்னால் நடந்தான்.