மொட்டைப்பாறைக் குரல்கள்

அந்தக் கோடையில் காட்டில் முதலில் அடங்கியது தவளைகளின் சத்தம். பிறகு குயில்கள் கூவுவதை நிறுத்தின. அதற்கும் பிறகு ஒரு காலையில், ஓடைக்கரைப் பாறைமேல் நின்ற மயில் கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது. அப்போதும் வரவில்லை. தண்ணீரில் தெரிந்த தன் முகத்தையே பார்த்தபடி அது அசையாமல் நின்றுவிட்டது.

தண்ணீர் குடிக்க வந்த புள்ளிமான் தும்பை அதைப் பார்த்தாள். குடிக்காமலே திரும்பிவிட்டாள்.

காட்டுக்குள் ஊமைக் காய்ச்சல் வந்துவிட்டது. அது முதலில் குரலைப் பறிக்கும். பிறகு கால்கள் தளரும். படுத்தவர்களில் சிலர் எழுந்தார்கள், சிலர் எழவில்லை. ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் பட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று சீக்கிரமே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஒவ்வொரு குடும்பமும் தன் புதரோடு ஒடுங்கிக்கொண்டது. ஓடைக்கு முறைவைத்து வந்தார்கள். வழியில் பார்த்துக்கொண்டால் தள்ளி நின்று தலையை மட்டும் ஆட்டினார்கள்.

பெரியவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளால் முடியவில்லை.

தும்பைக்கு ஒரே பிள்ளை. நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்ததால் அவனுக்குப் பொட்டு என்று பெயர். புதருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடி அங்கிருந்த புல்லையெல்லாம் தேய்த்துவிட்டிருந்தான். இப்போது தன் நிழலோடு பேச ஆரம்பித்திருந்தான். நிழலிடம் ஏதாவது கேட்பான். கேட்டுவிட்டு, காதைத் தூக்கிக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பான். 

இப்படி இருக்கையில்தான் மலையிலிருந்து கரிச்சான் குருவி பறந்து வந்தது. கறுப்பு உடம்பு, வாலில் இரண்டு நீள இறகுகள். மானிடம் போனால் மானைப் போலவும் பன்றியிடம் போனால் பன்றியைப் போலவும் பேசும். அதனால் காட்டில் சேதி சொல்வது எப்போதும் அதன் வேலை.

"மொட்டைப்பாறை முகாம் இந்தக் கோடையிலும் உண்டு! வாலப்பர் சொல்லி அனுப்பினார்! மேலே காற்று சுத்தம்! காய்ச்சல் மலை ஏறாது!" என்று புதர் புதராகச் சொல்லிக்கொண்டே போயிற்று.

வாலப்பர் என்பவர் ஒரு கருமந்தி. கோடைதோறும் காட்டுப் பிள்ளைகளை மலை உச்சியில் இருக்கும் மொட்டைப்பாறைக்கு அழைத்துப்போய், தாவவும் ஒளியவும் புலிவாடையை மோப்பம் பிடிக்கவும் பழக்குவார். "என் முகாமில் ஒரு பிள்ளைக்கு முள்கூடக் குத்தியதில்லை!" என்பார். சொல்லும்போது வால் தானாக நிமிரும்.

அனுப்புவதா, வேண்டாமா? அன்று நடுப்பகலில் பெற்றவர்கள் ஓடையில் தண்ணீர் வற்றியிருந்த மணல்திட்டில் கூடினார்கள். ஆளுக்கொரு பாறையில் எட்ட எட்ட நின்று கத்திக் கத்திப் பேசினார்கள்.

"நான் அனுப்பத்தான் போறேன்!" என்றாள் காட்டுப்பன்றி கோரை. தும்பையின் எதிர்க்கரைக்காரி அவள். "என் புதரை வந்து பாருங்க! குட்டிங்க ஒண்ணு மேலே ஒண்ணு ஏறி மிதிச்சுக்கிட்டுக் கிடக்குதுங்க. அங்கே போனா காலாவது நீட்டும்!"

"அக்கா, காய்ச்சல் மலை ஏறாதுன்னு யார் பார்த்தது?" என்று கேட்டாள் தும்பை.

"வாலப்பரே சொல்றாரே!"

"அவர் பார்த்தாராமா?"

கோரை மூக்கால் உறுமினாள். "நீ எப்பவும் இப்படித்தான். இலை அசைஞ்சாக்கூட புலிங்கிறே!"

"அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அக்கா இன்னும் உயிரோட இருக்கேன்."

சிலர் சிரித்தார்கள். அனுப்பலாம் என்றே பலரும் சொன்னார்கள். கோரையின் குட்டிகள் போயின. முயலின் குட்டிகள் போயின. பொட்டு மட்டும் புதருக்குள் நின்று, அவர்கள் போன பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலையே மலைக்காற்றோடு பிள்ளைகளின் குரல்கள் இறங்கி வந்தன. பாட்டு, கூச்சல், சிரிப்பு. கோரையின் மூத்த மகள் வரிச்சி சிரித்தால் கடைசியில் ஒரு விக்கல் வரும். அந்த விக்கல்கூடத் தெளிவாகக் கேட்டது! பிறகு மாலைதோறும் பெற்றவர்கள் ஓடைக்கரைக்கு வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஊமையாகிப்போன காட்டில் கேட்ட ஒரே சந்தோஷச் சத்தம் அதுதான்.

"அம்மா, வரிச்சி சிரிக்கிறா," என்றான் பொட்டு. "நான் மட்டும் என்னம்மா தப்புப் பண்ணினேன்?"

தும்பை அவன் முதுகை நக்கிவிட்டாள். அடுத்த முறை கரிச்சான் வந்தபோது, "இவனையும் சேர்த்துக்கோ" என்று சொல்லிவிட்டாள்.

கரிச்சான் பொட்டுவுக்கு நேராகக் கிளையில் இறங்கி உட்கார்ந்தது. "உன் பேர் என்ன, தம்பி?"

"பொட்டு!"

"அம்மாவை எப்படிக் கூப்பிடுவே?"

"ம்மாஆ!" என்று இழுத்துக் காட்டினான்.

"இன்னொரு தடவை. சத்தமா!" கரிச்சான் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்டது. அது சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு தடவை."

தும்பைக்கு என்னவோ போல் இருந்தது. பிள்ளை துள்ளுவதைப் பார்த்ததும் அதை மறந்துவிட்டாள்.

மறுநாள் காலை இரண்டாவது கூட்டம் புறப்பட்டது. கரிச்சான் முன்னால் பறக்க, பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். தும்பை மலையடிவாரம் வரை கூட நடந்தாள். பாதை ஏற ஆரம்பிக்கும் இடத்தில் அவள் கால்கள் நின்றுவிட்டன.

அந்தச் சரிவில் எந்தக் கோடையிலும் சில்வண்டுகள் காதைத் துளைக்கும். இப்போது ஒன்றுகூடக் கத்தவில்லை. மரங்கள் இருந்தன, வெயில் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. மேலே போகப் போக இன்னும் அமைதியாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"அம்மா, விடு! எல்லாரும் போறாங்க!"

"இன்னிக்கு வேண்டாம், கண்ணு."

"நீ சொன்னே! சேர்த்துக்கோன்னு சொன்னியே!"

தும்பை குறுக்கே நின்று மறித்தாள். பொட்டு முட்டினான், அழுதான். மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு வளைவுக்கு அப்பால் மறைந்தார்கள். வெகு முன்னால் பறந்துகொண்டிருந்த கரிச்சான் இதைக் கவனிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்த பொட்டு அம்மாவிடம் பேசவில்லை. முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தப்புச் செய்துவிட்டோமோ என்று தும்பை பகல் முழுக்க மருகினாள்.

மாலையில் காற்று திரும்பியது. மலையிலிருந்து குரல்கள் வந்தன. வரிச்சியின் சிரிப்பு, விக்கல். முயல்குட்டிகளின் கீச்சொலி. பிறகு ஒரு குரல்.

"ம்மாஆ! நான் பொட்டு! இங்கே ரொம்ப நல்லா இருக்கு! கவலைப்படாதே!"

தும்பையின் உடம்பில் ஒவ்வொரு முடியும் குத்திட்டு நின்றது. அவள் தன் பிள்ளையைப் பார்த்தாள். அவன் வாய் மூடியிருந்தது.

"ம்மாஆ! நான் பொட்டு!"

பொட்டு மெதுவாக எழுந்து வந்து அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டான். "அம்மா, அது நான் இல்லை," என்று கிசுகிசுத்தான். பிறகு, "நான் இங்கேதானே இருக்கேன்?" என்று கேட்டான்.

"இங்கேதான் இருக்கே, கண்ணு. இங்கேதான்." அவள் அவன் நெற்றியை நக்கி நக்கிப் பார்த்தாள். அது சூடாக, நிஜமாக இருந்தது.

அவனைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக்கு ஓடினாள். எதிர்க்கரையில் கோரை கண்ணை மூடி மலைப்பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டியா தும்பை? உன் பிள்ளையும் குஷியாத்தான் இருக்கான்! சும்மா பயந்தியே!"

"அக்கா, கண்ணைத் திற."

கோரை திறந்தாள். தும்பை நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் பொட்டு நின்றிருந்தான்.

அதே நேரம் மலையிலிருந்து மறுபடி வந்தது அந்தக் குரல்: "ம்மாஆ! நான் பொட்டு! இங்கே ரொம்ப நல்லா இருக்கு!"

கோரையின் முதுகு மயிர் சிலிர்த்தது. பொட்டுவையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தாள். 

"அப்போ... இத்தனை நாளா சிரிச்சது யாரு?"

தும்பை பொட்டுவைப் புதருக்குள் விட்டாள். "யார் கூப்பிட்டாலும் வெளியே வராதே. என் குரல்ல கூப்பிட்டாலும் வராதே! என் முகத்தைப் பார்த்தப்புறம்தான் வரணும்!" என்றாள். பிறகு இரண்டு தாய்களும் ஒருவரையொருவர் விட்டு எட்ட நடந்து மலையில் ஏறினார்கள்.

உச்சியை அடைந்தபோது மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. மொட்டைப்பாறையின் நிழலில் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். எல்லோர் கண்களும் திறந்திருந்தன. அம்மாவைப் பார்த்ததும் வரிச்சி தலையைத் தூக்கினாள். வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். ஒரு முனகல்கூட வரவில்லை.

அவளுக்கு மேலே, பட்டமரக் கிளையில் கரிச்சான் பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதன் சின்ன அலகிலிருந்து வரிச்சியின் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. மரத்தடியில் வாலப்பர் தலையைக் கைகளில் தாங்கியபடி, "போதும். இப்போ முயல்குட்டி," என்றார்.

"நிறுத்து!" என்று கோரை அலறினாள்.

சிரிப்பு பாதியில் அறுந்தது. வாலப்பர் துள்ளி எழுந்தார். "கிட்ட வராதீங்க! ஒட்டிக்கும்!"

"இப்பத்தான் அது தெரிஞ்சுதா உமக்கு!"

வாலப்பருக்குக் குரல் கரகரத்தது. "முதல் பிள்ளை ஊமையானப்பவே சொல்லியிருக்கணும். ஒரு முள்ளுகூடக் குத்தினதில்லைன்னு ஊரெல்லாம் சொன்னவன், எந்த முகத்தோட வந்து சொல்வேன்? நாளைக்குச் சரியாயிடும்னு நினைச்சேன். இரண்டாவது கூட்டத்தை வேண்டாம்னா ஏன்னு கேட்பீங்க. அதனாலே அதையும் வரவழைச்சேன். புதுசா வந்ததுங்க இவங்களைப் பார்த்து அழுததும் குகையிலே அடைச்சுட்டேன். நான்..."

அவர் உதடுகள் தொடர்ந்து அசைந்தன. சத்தம் நின்றுவிட்டது. வாலப்பர் தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

தும்பை அண்ணாந்து கரிச்சானைப் பார்த்தாள். "உனக்கு மனசு வந்துதா?"

"அவர் சொன்னார், நான் பேசினேன்," என்றது கரிச்சான். "கீழே நீங்க எல்லாரும் எவ்வளவு ஆசையா கேட்டீங்க! ஒருத்தராவது மேலே வந்து பார்த்தீங்களா?"

கோரை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தும்பையாலும் தலைநிமிர முடியவில்லை. பிள்ளையைத் தடுத்தவள் அவள்தான். ஆனால் மற்ற பிள்ளைகள் அந்தப் பாதையில் ஏறியபோது அவளும் சும்மாதானே நின்றாள்?

"சரி, போனது போகட்டும்," என்றாள் கடைசியில். "இப்போ உன் சொந்தக் குரல்ல பேசு. உள்ளதைச் சொல்லு."

கரிச்சான் திணறியது. அந்தக் குரலை அது எடுத்து வெகுநாளாகியிருந்தது. பிறகு கரடுமுரடாக, கிரீச்சென்று கத்தியது: "பிள்ளைங்க ஊமையாயிட்டாங்க! தண்ணியும் தழையும் கொண்டு வாங்க! எட்ட வச்சுட்டுத் தள்ளிப் போங்க!"

அந்தக் குரல் பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. பிறகு இருட்டிக்கொண்டு வந்த காட்டுக்குள்ளிருந்து காலடிகள் கிளம்பும் சத்தம் கேட்டது.

குகையில் அடைபட்ட பிள்ளைகளைத் தனித்தனியே பிரித்து வைத்தார்கள். கோரை மேலேயே தங்கிவிட்டாள். பிள்ளைகளை நக்கிச் சுத்தம் செய்து, வாயில் தண்ணீர் புகட்டி, கடைசியில் தானும் குரலிழந்து அவர்களோடு படுத்தாள். தும்பை தினமும் தழையைக் கொண்டுவந்து பாறை விளிம்பில் வைத்துவிட்டு விலகினாள். காய்ச்சல் தன்னோடு வந்துவிடுமோ என்று பயந்து அவள் தன் புதருக்கும் போகவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் அவள் நிற்க, அந்தப் பக்கம் பொட்டு நின்று முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டான்.

முயலின் கடைக்குட்டி பிழைக்கவில்லை. முயல் யாரையும் திட்டவில்லை. சரளைக்கல்லைத் தோண்டித் தோண்டிக் குழி வெட்டினான். மற்றவர்கள் தள்ளி நின்றே அழுதார்கள்.

முதல் மழை பெய்த காலையில் வரிச்சி எழுந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள்.

"அம்மா, பசிக்குது," என்றாள். "எனக்கு இந்த இடமே பிடிக்கலை. வீட்டுக்குப் போகலாம்."

கோரைக்குப் பதில் பேசக் குரல் இல்லை. மழையில் நனைந்தபடி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மகளைத் தோளால் முட்டுக்கொடுத்து எழுப்பி, வழுக்கும் பாதையில் ஒவ்வோர் அடியாக இறங்க ஆரம்பித்தாள்.

பிள்ளைகளைப் பற்றி நாம் கேட்க ஆசைப்படும் சேதி எவ்வளவு இனிமையாக வந்தாலும், நேரில் போய்ப் பார்க்காமல் அதை நம்பிவிடக் கூடாது.