கிளுவை வேலிக்குள் ஒரு விசாரிப்பு

மேட்டுக்காட்டின் ஓரத்தில் நீளமாக ஒரு கிளுவை வேலி இருந்தது. முள்ளும் கிளையும் ஆள் உயரத்துக்குப் பின்னிக் கிடக்கும். அதன் நடுவில், பெரிய கூடையைக் கவிழ்த்த அளவுக்கு ஓர் இடம். அங்கே பழனாத்தாள் என்ற முயல் குடியிருந்தது.

அந்த வீட்டுக்கு முன்பக்கம் ஒரு வாசல். ஒரு முள்கொத்தை உள்ளிருந்து இழுத்து வாசலை அடைத்து வைப்பது முயலின் வழக்கம். அந்த முள்கொத்தைப் படல் என்று சொல்லும். பின்பக்கம் மண்ணுக்குள் ஒரு பொந்து போனது. முயல் உடம்பை ஒடுக்கிக்கொண்டால்தான் அதில் நுழையலாம். ஓடைக்கரைப் பாறைக்கு அடியில் அது போய்த் திறக்கும். அப்படி ஒரு வழி இருப்பது வெளியில் யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் தெற்கே தேரிக்காட்டில் மழை இல்லை. செம்மணல் மேட்டில் பச்சை என்று ஒரு புல்கூட இல்லை. அங்கிருந்து மாடத்தி என்ற கௌதாரி பறந்தும் நடந்தும் இந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தது. ஊரில் அது இரண்டு முறை முட்டையிட்டது. இரண்டு முறையும் கீரி தின்றுவிட்டது. இந்த முறையாவது பிள்ளைகள் பிழைக்க வேண்டும். அதைத் தவிர அதற்கு வேறு நினைப்பே கிடையாது.

முயல் வேலிக்குள் இடம் கொடுத்தது. கௌதாரி ஏழு முட்டை இட்டு அடை உட்கார்ந்தது.

முயல் தங்கமான முயல்தான். ஆனால் அதன் பேச்சு இருக்கிறதே, அது வண்டி கட்டிப் போய் வருகிற பேச்சு! அதன் ஊர் வழக்கம் அப்படி. வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் விசாரிக்க வேண்டும். வெயில், தண்ணீர், பயிர், பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் கேட்க வேண்டும். வந்தவரும் பதில் சொல்லிவிட்டு, அதே மாதிரி திருப்பி விசாரிக்க வேண்டும். இரண்டு பக்கமும் விசாரித்து ஓய்ந்த பிறகுதான் வந்த காரியம். வந்ததும் வராததுமாகக் காரியத்தைச் சொல்வது அங்கே மரியாதை இல்லை.

கௌதாரியின் ஊரிலோ காரியம்தான் முதலில். மற்றதெல்லாம் வாய் சும்மா இருக்கும்போது பேசிக்கொள்ளலாம்.

காலையில் இரை பொறுக்கப் போன கௌதாரி அரக்கப் பரக்க ஓடிவந்து நிற்கும். உள்ளிருந்து முயல் ஆரம்பிக்கும்.

“வாங்க அம்மிணி. வெயிலு எப்படீங்க? வழியில தண்ணி கெடச்சுதுங்களா?”

“இந்தா இருக்க புதருக்குப் போயிட்டு வாரேன், எனக்கு என்ன வழி? தொறங்கக்கா, முட்ட ஆறிப்போவும்லா.”

“சித்தெ இருங்க, தொறக்கறனுங்க. கம்பங்காட்டுல கதிரு புடிச்சிருக்குதுங்களா?”

சித்தெ என்றால் கொஞ்ச நேரம் என்று அர்த்தம். முயலின் கொஞ்ச நேரத்தில் தேரிக்காட்டுக் கௌதாரி ஒரு சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிடும்.

ஒரு நாள் கௌதாரிக்குப் பொறுக்கவில்லை. “ஏக்கா, ஒங்க வேலி தீப்பிடிச்சா என்ன செய்விய? தீயப் பாத்தும் சௌக்கியமான்னு கேப்பியளோ?”

முயலின் காது இரண்டும் தொங்கிவிட்டன. “வெடுக்குனு பேசிப்போட்டீங்க அம்மிணி. எங்கூர்ல யாரும் இப்படி மூஞ்சியில அடிச்சாப்பல பேச மாட்டாங்க.”

“எங்க ஊர்ல யாரும் இப்படி இழுத்துக்கிட்டுக் கெடக்க மாட்டாவ. இனிமே நான் தொறன்னு சொன்னா தொறங்க. வேற பேச்சு வேண்டாம்.”

“ஆகட்டுமுங்க” என்றது முயல். அன்றிலிருந்து அது ஒன்றும் கேட்கவில்லை. கௌதாரிக்குத் தான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் திறக்கிற வாசலுக்குள் நுழைவது அதற்கே என்னவோ போல இருந்தது.

இந்தச் சண்டையை வேலிக்கு வெளியே ஒரு நரி படுத்தபடி கேட்டது. நரி பல ஊர் சுற்றியது. எந்த ஊர்ப் பேச்சையும் இரண்டு நாளில் பிடித்துக்கொள்ளும். அந்தத் திறமையில் அதற்குக் கர்வம் உண்டு.

‘முயல் இல்லாத நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். முயலின் சொந்தக்காரன் மாதிரி பேச வேண்டும். உள்ளே இருக்கிற அவசரக்காரி இரண்டாவது வார்த்தை கேட்கமாட்டாள், உடனே திறந்துவிடுவாள். ஒரு கௌதாரி, ஏழு முட்டை!’

நரிக்கு அப்போதே நாக்கில் நீர் ஊறியது. முள்ளைப் பிய்த்துக்கொண்டு நுழையவும் அதற்கு முடியும்தான். ஆனால் கிளுவை முள் மூக்கைக் கிழித்துவிடும். வாயால் ஆகிற வேலைக்கு எதற்கு மூக்கைக் கொடுப்பது?

இருபத்தோராம் நாள் முட்டைகள் பொரிய ஆரம்பித்தன. இரண்டு குஞ்சுகள் வெளியே வந்து நின்றன. மற்ற ஐந்து முட்டைகளிலும் டொக் டொக் என்று சத்தம். முயல் ஓடைப் பக்கம் மேயப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்துப் படலுக்கு வெளியே குரல் கேட்டது.

“ஏனுங்க அம்மிணி, நான் பழனாத்தாளோட அண்ணனுங்க. ஊஞ்சப்பாளையத்துல இருந்து வாரனுங்க. படலத் தொறந்து உடுங்க, உள்ள வந்து உக்காந்துக்கறனுங்க.”

கௌதாரி சட்டென்று எழுந்து படலில் அலகை வைத்தது. இழுக்கப் போனது, அப்படியே நின்றுவிட்டது.

பேச்சில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. முயல் பேசுவது போலவே இருந்தது. அதே இழுவை, அதே மரியாதை. ஆனால் வந்து நின்ற மூச்சிலேயே திறக்கச் சொல்கிறதே! இது நம் ஊர்க்காரர்கள் செய்கிற வேலையல்லவா? முயலின் அண்ணனுக்கு எங்கிருந்து இந்த அவசரம் வந்தது?

கௌதாரி தலையைச் சாய்த்துப் படலின் அடியில் பார்த்தது. வெளியே ஒரு கால் தெரிந்தது. அது முயலின் கால் இல்லை. தடித்த பாதத்தில் நான்கு கறுத்த நகங்கள் இருந்தன.

அது நரியின் கால். கூவினால் நரி முள்ளோடு முள்ளாகப் பாய்ந்துவிடும். தான் மட்டும் தப்பலாம். ஓட்டுக்குள் இருக்கிற ஐந்தை என்ன செய்வது? அவை வெளியே வர வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். பிறந்ததிலிருந்து கௌதாரி யாருக்கும் கொடுக்காத பொருள் அது ஒன்றுதான்.

வந்த புதிதில் கேட்டுக் கேட்டுக் காது புளித்த பேச்சு அப்போது அதன் நினைவுக்கு வந்தது.

“வாங்கண்ணாச்சி” என்றது கௌதாரி. “வெயிலு எப்படி இருக்கு?”

வெளியே கொஞ்சம் தடுமாற்றம். “வெயிலுங்களா? வெயிலு கடுமைங்க. தொறங்க.”

“தொறக்கேன், தொறக்கேன். வழியில தண்ணி கெடச்சுதா?”

“கெடச்சுதுங்க.”

“எங்கன கெடச்சுது? ஓடையிலயா, குட்டையிலயா?”

நரிக்கு எரிச்சல் வந்தது. ஆனால் என்ன செய்யும்? முயலுக்கு அண்ணன் என்று சொல்லியாகிவிட்டது. விசாரித்தால் பதில் சொல்லாத அண்ணன் அந்தச் சாதியிலேயே கிடையாது. “குட்டையிலீங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது.

அந்த நேரம் பின்பொந்து வழியாக முயல் உள்ளே வந்தது. புதுக் குரல் கேட்டு, “ஏனுங்க அம்மிணி, யாருங்க அது” என்று மெதுவாக ஆரம்பித்தது.

கௌதாரி திரும்பாமலே தாழ்ந்த குரலில் சொன்னது: “நரி. பிள்ளைய. பொந்து. வெரசா.”

முயல் எதற்கு என்று கேட்கவில்லை. எப்போது வந்தது, எப்படி வந்தது என்றும் கேட்கவில்லை. தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒன்றுமே விசாரிக்காமல், முன்னால் நின்ற குஞ்சை வாயில் கவ்விக்கொண்டு பொந்துக்குள் பாய்ந்தது. பேச்சில்தான் முயலுக்கு நிதானம். காலில் அல்ல. ஒரு குஞ்சைப் பாறைக்கடியில் விட்டுவிட்டு, அடுத்த மூச்சில் திரும்பி வந்து நின்றது.

“ஊருல மழ உண்டுமாண்ணாச்சி?” என்று கௌதாரி கேட்டது.

“இல்லீங்க.”

“கம்பு கதிரு புடிச்சிருக்கா?”

“புடிச்சிருக்குதுங்க.”

“மழ இல்லாம எப்படிக் கதிரு புடிச்சுது?”

நரி விழித்தது. “கெணத்துத் தண்ணி பாச்சறமுங்க.” அதன் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது.

இரண்டாவது குஞ்சும் போனது. மூன்றாவது குஞ்சு ஓட்டை உடைத்தது, போனது. நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்தே வெளியே வந்தன, போயின. கௌதாரியின் குரல் ஒரு சீராக இருந்தது.

“வீட்டுல பிள்ளைய எல்லாரும் சொகமா இருக்காவளா?”

“பதினோரு குட்டீங்க, எல்லாம் சொகமுங்க” என்று நரி அவசரமாகச் சொன்னது. பெரிய எண்ணாகச் சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று அது நினைத்தது.

“பதினொண்ணா! பேரச் சொல்லுங்கண்ணாச்சி. ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிடுதேன்.”

நரி கண்ணை மூடிக்கொண்டது. “மாராயீங்க.”

“மாராயி என்ன செய்யுதா?”

“மேயறாளுங்க.”

“அடுத்தது?”

“நாச்சிமுத்துங்க. அவனும் மேயறானுங்க. அப்பறம் சென்னியப்பன். அப்பறம் காளியப்பன். அப்பறம் பொன்னாத்தா. எல்லாரும் மேயறாங்க!”

“பொறுங்க, பைய சொல்லுங்க. சென்னியப்பனுக்கு அந்தக் காலு வலி தேவலையா?”

இல்லாத சென்னியப்பனுக்கு இல்லாத கால் வலி. நரிக்குத் தலை சுற்றியது. “தேவலைங்க” என்றது.

ஆறாவது குஞ்சு போயிற்று. ஏழாவது முட்டையில் ஒரே ஒரு கீறல்தான் விழுந்திருந்தது. முயல் அதன் பக்கத்தில் காதை நீட்டிக் காத்திருந்தது. கௌதாரி ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. அந்தப் பிள்ளையையும் விட்டுவிட அதற்கு மனமில்லை.

“ஆறாவது பிள்ள பேரு என்னண்ணாச்சி?”

“மாராயீங்க.”

“மொதப் பிள்ளையும் மாராயின்னுதானே சொன்னிய?”

“அவ பெரிய மாராயி, இவ சின்ன மாராயி!”

“அப்பம் சின்ன மாராயிக்கு எப்பம் பல்லு மொளச்சுது?”

அவ்வளவுதான். நரியின் பொறுமை அறுந்தது. கொங்குப் பேச்சும் போயிற்று, அண்ணனும் போயிற்று. “போதும் நிறுத்து! திறக்கிறாயா இல்லையா?” என்று தன் சொந்தக் குரலில் ஊளையிட்டுக்கொண்டு படலில் பாய்ந்தது.

முள் முறிகிற சத்தமும் ஓடு உடைகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன. ஏழாவது குஞ்சு தலையை நீட்டியது. முயல் அதை ஓட்டோடு கவ்விக்கொண்டு மறைந்தது. மண்ணுக்குள் நுழைவது கௌதாரிக்குப் பிடிக்காத காரியம். அன்று அது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பின்னாலேயே நுழைந்தது.

நரி பாதி உடம்பை உள்ளே திணித்துவிட்டது. அங்கே ஆறு வெற்று ஓடுகள் கிடந்தன. முன்னால் போனால் முள், பின்னால் இழுத்தால் முள். மூக்கிலும் காதிலும் முள் ஏறி, கழுத்து நன்றாக மாட்டிக்கொண்டது.

பாறைக்கடியில் கௌதாரி பிள்ளைகளை எண்ணியது. ஏழு. நம்பாமல் இன்னொரு முறை எண்ணியது. ஏழுதான். அதற்கு அழுகை வந்துவிட்டது.

“அக்கா, ஒங்க பேச்ச நான் எளப்பமாப் பேசிட்டேன். அந்தப் பேச்சுதான் இன்னைக்கு எம் பிள்ளையளக் காப்பாத்திச்சு.”

“நாலே வார்த்தையில சொல்லி முடிச்சீங்களே, அம்மிணி” என்றது முயல். “நானா இருந்தா அதுக்குள்ள ரெண்டு குஞ்சு போயிருக்குமுங்க. அவன் எங்கூரு இல்லீன்னு எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?”

“வந்தவன் எங்க ஊருக்காரி மாதிரி அவசரப்பட்டாம்லா. ஒண்ணையும் திருப்பிக் கேக்கல.”

முயல் சிரித்தது. “வேசம் போட்டவன் நாக்குக்கு மட்டும் போட்டுட்டு வந்திருக்கானுங்க.”

நரியின் ஊளை கேட்டு மேட்டுக்காட்டில் இருந்ததெல்லாம் கூடிவிட்டது. மயில் வந்தது, காடை வந்தது, ஓணான்கூட வேலி மேல் ஏறி நின்று தலையாட்டியது. எல்லோரும் பார்க்க, கௌதாரி பாறைக்கடியிலிருந்து வெளியே வந்தது. அதன் பின்னால் ஏழு குஞ்சுகள் வரிசையாக வந்தன. கடைசியில் முயல். மாட்டிக்கொண்ட நரி முள் இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருக்க, வேலி ஓரமாகவே அவை நடந்தன. ஓட்டமும் நடையுமாகவே போய்ப் பழகிய கௌதாரி அன்று ஓடவில்லை. ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து, நின்று, பிள்ளைகள் வந்து சேருகிற வரை பொறுத்து, வேலியின் அந்தக் கோடி வரைக்கும் ராணி மாதிரி நடந்து போனது.

நம்மைப் போல் பேசாதவரின் பேச்சை இளப்பமாக நினைக்காமல் காது கொடுத்துக் கேட்டு வைத்தால், ஆபத்து வரும் நாளில் அவருடைய பலமும் நமக்குப் பலமாகும்.