நிலாவை மறைத்த திருடன்

ராஜாக்களுக்கும் பசி தாங்காத முன்னொரு காலத்தில், ஒரு ராஜா சித்ரா பௌர்ணமியன்று ஆற்று மணலில் நிலாச்சோறு சாப்பிட உட்கார்ந்தார். காலையிலிருந்து விரதம். இலையில் புளியோதரை விழுந்த நேரம் பார்த்து, நிலாவின் ஓரத்தை யாரோ கடித்தது போல் ஒரு கறுப்பு.

"கிரகணம்!" என்று கூட்டம் அலறியது. அது விடும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படக் கூடாதே! எடுத்த கவளத்தை ராஜா இலையிலேயே போட்டார்.

"ஏனய்யா முன்னாடியே சொல்லல?" என்று ஆஸ்தான சோதிடர் திருமலையப்பரை முறைத்தார்.

தினமும் சபையில் பஞ்சாங்கம் படிப்பவர் அவர். "பூமண்டலம் முழுதும் மன்னருக்கே சொந்தம்" என்று துதி பாடும் அவசரத்தில், இந்த ஒரு வரியை விட்டுவிட்டார். சட்டென்று விகடகவி வேம்படியானைக் கைகாட்டினார். அவன்மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை.

"பிரபு, இது கணக்கில் வராத கிரகணம். இவன்தான் சாயங்காலம் நிலாவை 'அவிச்ச முட்டை'ன்னு கேலி பண்ணினான். இவன் வேலைதான் இது!"

"நீ பண்ணலேன்னா, பண்ணினவனைப் பிடிச்சுக் காட்டுடா," என்றார் ராஜா. "நிலா திரும்பறதுக்குள்ள காட்டணும். இல்லேன்னா நாட்டை விட்டே போயிடு!"

வேம்படியான் நிமிர்ந்து நிலாவைப் பார்த்தான். வீட்டில் மனைவி எட்டு மாதக் கர்ப்பிணி. அவளை எந்த நாட்டுக்கு நடத்திப் போவான்?

"தீவட்டியை மகாராஜாவுக்குப் பின்னாடி பிடிங்கப்பா," என்றான். ராஜாவின் நிழல் சோற்றின்மேல் விழுந்தது.

"சோத்தை மறைச்சது யாரு மகாராஜா?"

"நான்தான்."

"அதே கதைதான் அங்கயும். சூரியன் இப்ப நம்ம காலுக்குக் கீழே, அந்தப் பக்கம். நிலா தலைக்கு மேலே. நடுவுல நிக்கிறது பூமி. நிழலோட ஓரம் எவ்வளவு உருண்டையா இருக்கு பாருங்க. திருடன் பூமிதான்!"

பேச்சுக்கிடையே நிலா முழுதும் மூடி, செப்புக்குடம் போல் ஆனது.

"செவப்பு ஏன்டா?"

"பூமியைச் சுத்தி எங்கெங்க விடியுதோ, எங்கெங்க பொழுது சாயுதோ, அந்தச் செவப்பெல்லாம் நழுவி அதுமேல விழுது."

"அப்ப பூமியைக் கட்டி இழுத்து வரச் சொல்லுங்கள் பிரபு!" என்று சோதிடர் இளித்தார்.

"மாடு பயிரை மேஞ்சா மாட்டுக்காரனைத்தானே பிடிப்பாங்க? பூமி யாரோடதுன்னு நீங்களே சொல்லுங்க சாமி."

சோதிடர் மன்னரைத் திரும்பிப் பார்த்தார். மன்னருடையது என்றால் மன்னர் திருடன். இல்லை என்றால் ராஜத்துரோகம்.

ராஜா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "திருடன் கெடச்சுட்டான்டா! நானேதான்!"

நிலா வெளுத்தது. எல்லோரும் ஆற்றில் முங்கி எழுந்து இலைக்கு ஓடினார்கள்.

"வேம்படியா, உனக்குப் பத்து வேலி நிலம்!"

"ஐயோ, வேணாம் மகாராஜா! பூமியில எனக்கும் பங்குன்னா, அடுத்த கிரகணத்துக்கு நானும்ல மாட்டுவேன்!"

"கூட்டுக் களவாணியா இருந்துட்டுப் போடா!" என்று சிரித்த ராஜாவுக்கு, புளியோதரை புரை ஏறியது.