கர்ர் கூட்டமும் தீக்கொண்டைச் சேவலும்

மூங்கில்காட்டில் இருந்த தீக்கொண்டைச் சேவலுக்கு இளவட்டச் சேவல்களைக் கண்டாலே ஆகாது. அதிலும் ‘கர்ர் கூட்டம்’ என்று பேர் வைத்துக்கொண்டு திரிந்த பதினோரு சேவல்களைக் கண்டால் அதன் கழுத்து மயிர் தானாகச் சிலிர்த்துக்கொள்ளும்.

பதினொன்றும் போன வருஷத்துக் குஞ்சுகள். இப்போதுதான் கொண்டை வளர்ந்திருந்தது. அந்தக் கொண்டையை நேராக நிற்க விடுவதில்லை. வேங்கை மரத்துப் பிசினைத் தடவி ஒரு பக்கமாகச் சாய்த்து ஒட்டிக்கொள்ளும். வாலில் அழகாக வளைந்து தொங்கும் இரண்டு நீள இறகுகளில் ஒன்றைப் பிடுங்கிப் போட்டுவிடும். இரண்டு காலும் நன்றாக இருக்கும்போதே விந்தி விந்தி நடக்கும்.

பாட்டு அதைவிட மோசம். வெயில் ஏறியதும் ஓடைக்கரைத் தேக்கு மரத்தடியில் கூடும். நாலு சேவல்கள் காய்ந்த தேக்கிலைகளைச் சரக் சரக்கென்று காலால் கீறித் தாளம் போடும். மற்றவை கழுத்தை நீட்டி, “கொக்கர...” என்று ஆரம்பித்து, பாதியில் முறித்து, “கர்ர்ர்” என்று இழுக்கும். ஒன்றுகூடக் கூவி முடிக்காது. தெரியாமல் முடித்துவிட்டால் அந்தச் சேவலைக் கூட்டத்திலிருந்து மூன்று நாள் தள்ளி வைத்துவிடும். இதைக் கேட்க இளம் பெட்டைகள் வேறு இரை பொறுக்குவதை விட்டுவிட்டு வந்து நிற்கும்.

பிடிக்காவிட்டால் காதைத் திருப்பிக்கொண்டு போகலாம். தீக்கொண்டையால் அப்படிப் போக முடியவில்லை. காரணம் இருந்தது.

அதன் கொண்டை கீரியோடு போட்ட சண்டையில் கிழிந்து இடப்பக்கம் சாய்ந்தது. வால் இறகு ஒன்று மரநாயின் வாயோடு போனது. வலது காலில் இண்டு முள் ஏறி, ஆறிய பிறகும் விந்தல் போகவில்லை. ஆடி மழையில் நனைந்து தொண்டை கட்டியதிலிருந்து குரலும் சரியில்லை. சில நாள் விடியற்காலையில் கூவினால் முழுசாக வரும். சில நாள் பாதியில் உடைந்து ‘கர்ர்’ என்று நிற்கும்.

ஆக, இந்தப் பயல்கள் தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று தீக்கொண்டை முடிவு கட்டிவிட்டது. அது ஒன்றை மனசில் வைத்தால் லேசில் எடுக்காது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வழிவிடாமல் போன முள்ளம்பன்றியோடு அதற்கு இன்றைக்கும் பேச்சு கிடையாது.

அதன் பெட்டை மஞ்சாடி ஆறு முட்டைகளின் மேல் அடை உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிப் பார்த்தது.

“ஏங்க, அதுங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன். கேலியா, வேற ஏதாச்சுமான்னு தெரிஞ்சுபோகும்ல.”

“கேக்கிறதா? நான் போய் அந்தப் பொடிப்பயலுககிட்டயா?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இந்த நேரத்தில்தான் அடுத்தடுத்து இரண்டு விடியலில் தீக்கொண்டையின் குரல் உடைந்தது. இது சின்ன விஷயம் இல்லை. காட்டுச்சேவல்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சேவலின் முழுக் கூவல் எதுவரை கேட்கிறதோ அதுவரை அதன் எல்லை. தொடர்ந்து மூன்று விடியல் முழுக் கூவல் கேட்காவிட்டால், அந்த இடத்துக்காக எந்தச் சேவலும் வந்து சண்டைக்கு நிற்கலாம்.

ஓடைக்கு அந்தக் கரையில் கருங்காலன் என்ற சேவல் இருந்தது. கட்டான உடம்பு, காலில் நீளமான முள். மூங்கில்காட்டுக் கறையான் புற்றுகள் மேல் அதற்கு ரொம்ப நாளாகக் கண். நாளை விடியலிலும் கூவல் முழுசாக வராவிட்டால் தானே நேரில் வருவதாக வால்காக்கையிடம் சொல்லி அனுப்பியிருந்தது.

மஞ்சாடி இதைக் கேட்டதும் முட்டைகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டது. பொரிக்க நாலு நாள் இருந்தது. தோற்ற சேவலின் குடும்பம் அன்றைக்கே இடத்தைக் காலி செய்ய வேண்டும். முட்டைகளைத் தூக்கிக்கொண்டு போக எந்தப் பெட்டையாலும் ஆகாது. மஞ்சாடி தீக்கொண்டையின் முகத்தை மட்டும் பார்த்தது.

தீக்கொண்டைக்குக் கருங்காலன் மேல் வந்ததைவிட அதிகக் கோபம் கர்ர் கூட்டத்தின் மேல் வந்தது. ‘ஊரைக் கூட்டி வைத்து என் தொண்டையைக் கேலி செய்தார்கள். அதனால்தான் எதிர்க்கரைக்காரனுக்குத் துணிச்சல் வந்தது’ என்று நினைத்தது. நேரே தேக்கு மரத்தடிக்குப் போனது. தாளம் நின்றது.

“யாரைப் பார்த்துடா நொண்டுறீங்க?” என்று கேட்டது.

கூட்டத்துக்குத் தலைவன் துடுக்கன். அது ஓரடி முன்னால் வந்து, “உங்களைப் பார்த்துத்தான் அய்யா” என்றது.

துடுக்கன் பணிவாகத்தான் சொன்னது. ஆனால் தீக்கொண்டைக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் இங்கே நின்றால் கண்ணைக் கொத்திவிடுவேன் என்றும், ஓடையைத் தாண்டிப் போய்விட வேண்டும், திரும்ப இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றும் கத்தியது. துடுக்கன் ஏதோ சொல்ல வாயெடுத்தது. தீக்கொண்டை இறக்கையை அடித்துக்கொண்டு பாய்ந்தது.

பதினொன்றும் ஓடைக் கற்கள் மேல் ஒன்றன்பின் ஒன்றாக அக்கரைக்குப் போயின. போகும்போதும் விந்தித்தான் போயின. ‘திமிரைப் பார்’ என்று தீக்கொண்டை கறுவியது.

மூன்றாம் நாள் விடிந்தது. தீக்கொண்டை உயரமான பாறையில் ஏறி, இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கூவியது. “கொக்கர...” வரை வந்தது. அதற்கு மேல் கர்ர்தான்.

பாறையை விட்டு இறங்கி ஓடைக்கரை வெட்டவெளியில் போய் நின்றது. ஜெயிக்க மாட்டோம் என்று அதற்குத் தெரியும். ஆனாலும் கருங்காலன் தன்னைக் கொன்ற பிறகுதான் மஞ்சாடியின் புதருக்குப் போக முடியும் என்று கால்களை ஊன்றிக்கொண்டது. வெயில் மூங்கில் நுனியில் விழுந்தது. கருங்காலனைக் காணோம். வெயில் தரைக்கு வந்தது. அப்போதும் காணோம்.

தேக்கு நிழல் பாதியாகக் குறுகிய பிறகு கருங்காலன் வந்தது. சிலிர்த்துக்கொண்டு வரவில்லை. இறகெல்லாம் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. பத்தடி தள்ளியே நின்றுவிட்டது.

“அண்ணே, நான் சண்டைக்கு வரலை. உங்க ஆளுங்களைக் கொஞ்சம் திரும்பக் கூப்பிட்டுக்கங்க.”

தீக்கொண்டைக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததை வெளியே காட்டும் பழக்கம் அதற்குக் கிடையாது. கண்ணை இடுக்கிக்கொண்டு பேசாமல் நின்றது. அதைப் பார்த்துக் கருங்காலன் இன்னும் இரண்டடி பின்வாங்கி, நடந்ததைச் சொல்லத் தொடங்கியது.

விடியலில் தீக்கொண்டையின் கூவல் உடைந்ததும் கருங்காலன் சந்தோஷமாகக் கிளம்பியிருக்கிறது. ஓடைக்கு வருவதற்குள் அதே உடைந்த கூவல் அதன் முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கிறது. திரும்பினால் இடப்பக்கப் புதரில் ஒன்று, வலப்பக்கப் புதரில் இரண்டு, மேட்டில் மூன்று, மரத்தடியில் ஐந்து. எட்ட நின்று பார்த்தால் எல்லாவற்றுக்கும் கொண்டை சாய்ந்திருக்கிறது, வாலில் ஒரு நீள இறகு இல்லை, கால் விந்துகிறது.

“ஒரு நொண்டிச் சேவல்னா அடிச்சுடலாம் அண்ணே. இத்தனை அடி வாங்கியும் உசிரோட நிக்கிறது பதினொன்னு இருந்தா நான் என்ன பண்றது? ஏன்டா இப்படி நடக்கிறீங்கன்னு தூரத்துல நின்னே ஒரு பயலைக் கேட்டேன். எங்க தீக்கொண்டை அய்யா நடை இதுன்னான். கீரிக்கு எதிர்ல நின்னவராம் நீங்க. அப்புறம் கூவலைப் பத்திச் சொன்னான் பாருங்க.”

“என்ன சொன்னான்?” தீக்கொண்டை அப்போதுதான் வாயைத் திறந்தது.

“மத்த சேவலெல்லாம் கூவி முடிச்சுட்டு வெறும் வாயோட நிக்குமாம். நீங்க ஒருத்தர்தான் பாதியை உள்ளேயே வச்சுக்குவீங்களாம். மீதி என்னவா இருக்கும்னு கேக்கிறவன் நாள் பூரா யோசிச்சுக்கிட்டுக் கிடப்பானாம். நான் உங்களுக்குத் தொண்டை போயிடுச்சுன்னுல்ல நினைச்சேன். இங்க கூவுறதே இப்படித்தான்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது.”

தீக்கொண்டைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறியது. பிறகு, “கூப்பிட்டுக்கறேன். நீ உன் கரையோட இரு” என்றது. கருங்காலன் தலையாட்டிவிட்டு வேகமாக நடந்தது.

கருங்காலன் கண்ணுக்கு மறைந்ததும் தீக்கொண்டை ஓடையைத் தாண்டியது. அந்த ஓடை அதற்கு அன்றைக்கு மிகவும் அகலமாக இருந்தது. கர்ர் கூட்டம் ஒரு நெல்லி மரத்தடியில் பசியோடு குந்தியிருந்தது. தீக்கொண்டையைப் பார்த்ததும் பதினொன்றும் எழுந்து ஓடத் தயாராயின.

“இருங்கடா. துடுக்கா, உன்கிட்ட ஒன்னு கேக்கணும்.” அது தன் வாழ்நாளில் சண்டையை வளர்க்காமல் கேட்ட முதல் கேள்வி. “என்னைக் கேலி பண்ணத்தானேடா இதெல்லாம்?”

துடுக்கன் திகைத்துப் போனது.

“கேலியா? அய்யா, அந்த வால் இறகைப் பிடுங்குறப்போ எப்படி வலிக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல? கேலிக்காக யாராவது அந்த வலியைத் தாங்குவாங்களா?”

தீக்கொண்டைக்கு அந்த வலி தெரியும். மரநாயிடம் இறகைக் கொடுத்த அன்று அது பகல் முழுக்கப் புதரை விட்டு வெளியே வரவில்லை. இந்தப் பயல்கள் அதைத் தங்கள் அலகாலேயே செய்துகொண்டிருக்கிறார்கள். அது பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது.

“வாங்கடா போகலாம்” என்றது. “இனிமே இறகைப் பிடுங்காதீங்க. மடிச்சு வச்சுக்கிட்டாலே போதும், தூரத்துப் பார்வைக்கு அப்படித்தான் தெரியும்.”

அதிலிருந்து மூன்றாம் நாள் முட்டைகள் பொரிந்தன. தேக்கு மரத்தடியில் மறுபடி தாளம் கேட்டது. அந்தப் பாட்டு தீக்கொண்டைக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. அந்தப் பயல்களைத் திட்டுவதையும் அது நிறுத்தவில்லை. ஆனால் முன்பு மொத்தமாகத் திட்டியது, இப்போது ஒவ்வொன்றையும் பேர் சொல்லித் திட்டியது.

இளையவர்கள் செய்வது கேலியா பிரியமா என்று ஒரு வார்த்தை கேட்காமலே மனசில் வஞ்சம் வைப்பவர், தம் பக்கம் நிற்பவர்களைத் தம் கையாலேயே விரட்டிவிடுவார்.