மறுபடி உண்டாக்க முடிந்ததெல்லாம்

கோயமுத்தூர் சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கே பரஞ்சோதி, ஞானசெல்வம், மங்கையற்கரசி என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். வேலை பார்த்தார்கள் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான்.

மூவருக்கும் தலைவர் பரஞ்சோதி. தீபாவளிக்குள் பஸ் டிக்கெட் புரோகிராமை முடித்தால் மேனேஜர் பதவி, இல்லையென்றால் வேலையே கிடையாது என்று முதலாளி சுகந்தி மேடம் கறாராகச் சொல்லியிருந்தார். பாவம், மனிதருக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரில் இடம் நிரம்பிவிட்டது. ஆட்கள் எழுதிய புரோகிராமை வைத்து இயந்திரம் தானாகச் செய்து குவித்த ஃபைல்கள்தான் காரணம். மேடம் போகிற போக்கில் சொன்னார்: "மறுபடி உண்டாக்க முடியறதை எல்லாம் அழிச்சிடுங்க. முடியாததைத் தொடாதீங்க."

மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள்.

"டிக்கெட் புரோகிராமை எழுதினது யாருங்க?" என்று கேட்டார் பரஞ்சோதி.

"நானுங்க" என்றான் ஞானசெல்வம்.

"மறுபடி எழுதச் சொன்னா எழுதுவீங்களா?"

ஞானசெல்வத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? கண்ணை மூடிட்டு எழுதுவேன்!"

"அப்ப அழிங்க."

அழித்தான்.

"பேக்கப்புன்னு ஒரு நகல் இருக்குதுங்களே?" என்றாள் மங்கையற்கரசி.

"நகல்னாலே மறுபடி உண்டாக்கினதுதானுங்களே?" என்றார் பரஞ்சோதி.

அதுவும் போயிற்று.

அடுத்து, இயந்திரம் செய்த ஃபைல்கள். பரஞ்சோதி நிதானமானவர், சோதித்துப் பார்க்காமல் எதிலும் இறங்கமாட்டார். ஒன்றே ஒன்றை அழித்துவிட்டு, மறுபடி செய்யும்படி பட்டனைத் தட்டினார். புரோகிராமே இல்லாமல் எதை வைத்துச் செய்யும்? இயந்திரம் கையை விரித்தது.

"ஐயோ, இதெல்லாம் போனா வராதுங்க!" என்று பதறினாள் மங்கையற்கரசி. மீதி நாற்பதாயிரம் ஃபைலையும் யாரும் தொட முடியாதபடி பூட்டி வைத்தார்கள். கம்ப்யூட்டரில் அடைசல் அப்படியே இருந்தது.

மேடம் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "தீபாவளிக்கு இன்னும் இருபது நாள்தான். மறுபடி எழுதி முடிக்கலைன்னா மூணு பேரும் வீட்டுக்குப் போயிடுங்க!"

விழுந்து விழுந்து எழுதினார்கள். இருபதாம் நாள் காலை, முதல் டிக்கெட் பிழையில்லாமல் வந்தது. பரஞ்சோதிக்குக் கண் கலங்கிவிட்டது. மேடத்துக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க," என்றாள் மங்கையற்கரசி யோசனையோடு, "இதை மறுபடி உண்டாக்க முடியும்னு நாமளே இப்ப நிரூபிச்சுட்டமுங்களே?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாடிப்படியில் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது.

"நல்லவேளை, அவங்க வர்றதுக்குள்ள சொன்னீங்க" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார் பரஞ்சோதி, அவசர அவசரமாக அழித்து முடித்துவிட்டு.